மாமாங்கம் விட்டுக்கொடுத்த வாதம்

மாமாங்கத்தை அறிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது, அவர் எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதுதான். வெளியே மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், யன்னலைப் பார்த்துவிட்டு, "உது மழையில்லை, தூறல்" என்பார். அவருடைய மனைவி மனோரஞ்சிதம் கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்று தானாகவே சொன்னாலும், இல்லை, புளி குறைந்துவிட்டது என்று திருத்துவார். சண்டைக்காரர் அல்லர். மறுத்துப் பேசினால்தான் எதிரில் இருப்பவரை மதித்ததாகும் என்பது அவருடைய எண்ணம். யாரேனும் ஒருவரிடம் அவர் தலையாட்டிக்கொண்டு இருந்தால், அந்த மனிதரில் அவருக்கு அக்கறை இல்லை என்று பொருள்.

மட்டக்களப்பில் படுவான்கரை வயல்களில் கூட்டுறவுச் சங்கத்தின் உழவு இயந்திரத்தை ஓட்டியவர் அவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்பு மனைவியோடு ரொறன்ரோவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் குடியேறினார். பிள்ளைகள் இல்லை. ஸ்காபரோவில் ஐஸ் ஹொக்கி ஆடும் ஓர் அரீனாவில் வேலை கேட்டுப் போனபோது, முன்பு என்ன செய்தீர் என்று முகாமையாளர் கேட்டார். உழவு இயந்திரம் ஓட்டினேன் என்றார். அடுத்த கிழமையே அவரைச் சம்போனியில் ஏற்றிவிட்டார்கள். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே, சப்பாத்துக் கத்திகள் கீறிய பனித்தளத்தைச் சுரண்டி, நீர் தெளித்து, கண்ணாடிபோல ஆக்கிவிட்டு வருவது அந்த வண்டியின் வேலை. வரப்பு இல்லாத வயல் என்று மாமாங்கம் அதைச் சொல்வார். உழுத அடையாளமே தெரியாமல் உழுவதுதான் அங்கே திறமை.

அதே அரீனாவில் உடைமாற்றும் அறைகளையும் இருக்கைகளையும் கூட்டித் துடைத்தவர் யோசப். இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள மன்னார்த் தீவைச் சேர்ந்த கத்தோலிக்கர், கடல்தொழில் செய்தவர். மனைவி மக்டலீன், மகன் றொபேட், மகள் அன்ரனெற் ஆகிய மூவரையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்திருந்தார். மாமாங்கம் இருந்த கட்டடத்திலேயே மூன்று தளங்கள் கீழே, வேறு மூன்று ஆண்களோடு ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்ந்தார். அங்கே தொலைபேசி இல்லை. ஆகையால் கொழும்பில் இருந்த தம் மைத்துனர் அகஸ்ரினுக்கு மாமாங்கத்தின் இலக்கத்தையே கொடுத்திருந்தார்.

இந்த இருவருக்கும் இடையே நட்பு வளர்ந்தது ஒரு வாதத்தால். அரீனாவில் ஆடிய உள்ளூர் இளைஞர்களில் கெட்டிக்காரர் சிலர் ஒவ்வோர் ஆண்டும் உதவிப்பணம் பெற்று அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஐஸ் ஹொக்கி ஆடப் போவார்கள். அந்தக் கல்லூரிகள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து போட்டிப் பிரிவுகளை வைத்திருந்தன. கிழக்கே பொஸ்ரன் பக்கத்தில் இரண்டு. மேற்கே மிச்சிகனிலிருந்து அப்பால் இரண்டு. பருவம் முழுவதும் பெரும்பாலும் தத்தம் பிரிவுக்குள் ஆடிவிட்டு, பங்குனியில் எல்லாப் பிரிவுகளிலும் சிறந்தவை ஒரே கிண்ணத்துக்கு மோதும். எண்பத்து நான்கின் இலையுதிர்காலத்தில் அந்த அரீனாவிலிருந்து ஒருவன் கிழக்கேயும் இன்னொருவன் மேற்கேயும் போனார்கள். கிழக்கே போனவன் புறப்படும்போது சம்போனியைத் தட்டி மாமாங்கத்துக்குக் கைகாட்டிவிட்டுப் போனான். மேற்கே போனவன் யோசப்புக்குத் தன் பழைய கையுறைகளைக் கொடுத்துவிட்டுப் போனான். பக்கம் பிரிவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாங்கத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பட்டிமன்றம் நடந்தது. வலிமையில் விஞ்சியவை கிழக்குப் பிரிவுகளா, மேற்குப் பிரிவுகளா? நடுவர் மனோரஞ்சிதம். தீர்ப்பு எந்த வாரமும் மாறியதில்லை: ஆர் கூடச் சத்தம் போட்டாரோ அவர்தான் சாப்பாட்டுக் கோப்பை கழுவ வேணும்.

"அண்ணை, உங்கட கிழக்கு ஒற்றுமையாய் இருக்கத் தெரியாத கூட்டம்," என்பார் யோசப். "ஒண்டாய் இருந்த பிரிவு போன வருசம் உடைஞ்சு ரெண்டாப் போச்சு. உடைஞ்சதுக்கு என்ன பலம்?"

"உடைஞ்ச பிறகும் இந்த வருசம் கடைசி ஆட்டத்துக்கு வந்த ரெண்டு ரீமும் எந்தப் பக்கம்? ரெண்டும் கிழக்கு! உன்ர மேற்கு வெளியில நிண்டு ரிக்கற் வெட்டினது."

"அது ஒரு வருசத்துக் கூத்து. வெற்றிக் கணக்கைப் பாருங்கோ. மேற்கில ஒவ்வொரு ரீமும் எத்தினை ஆட்டம் வெண்டிருக்கு?"

"அது தங்களுக்குள்ள வெண்ட வெற்றி, மடையா. உள்ளுக்குள்ள அடிபட்டா ஒருத்தன் வெல்ல ஒருத்தன் தோப்பான். அதில பிரிவின்ர பலம் எங்க தெரியுது? குறுக்க வந்து எங்களோட ஆடினதைச் சொல்லு."

"குறுக்க ஆடினதிலயும் நாங்கதான் கூட."

"மிச்சிகனையும் சேர்த்து எண்ணுறாய். மிச்சிகன் எப்ப மேற்கானது? மேப்பை எடுத்துப் பார். நடுவில கிடக்கு."

"கிழக்கில்லாததெல்லாம் மேற்குத்தான் அண்ணை. உங்களுக்கு மன்னார் எந்தப் பக்கம் எண்டும் தெரியாது போல."

இப்படியே போகும். இரண்டு பேரும் அந்தக் கல்லூரிகளில் ஒன்றையேனும் கண்ணால் கண்டதில்லை. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் வரும் முடிவுகளும் வானொலிச் செய்தியுமே அவர்களுக்கு ஆதாரம். ஆனால் அந்த மேசையைவிட்டு எழும்போது யோசப்பின் முகம், வந்தபோது இருந்ததைவிட இளகியிருக்கும். ஊர்ச் செய்தியைப் பற்றி அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். தொலைபேசி வந்தால் வரும், அதுவரை ஹொக்கி. இரண்டு பருவங்களிலும் மாமாங்கம் ஒரு முறைகூட "சரி" என்று சொன்னதில்லை. யோசப்பும் அதை எதிர்பார்த்ததில்லை.

எண்பத்தாறாம் ஆண்டில் அந்தக் கடைசி ஆட்டம் பெரிய சனிக்கிழமை இரவில் அமைந்தது. மறுநாள் கிறிஸ்து உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள். தவக்காலம் முழுவதும் யோசப் இறைச்சி தொடவில்லை. பெரிய கிழமையில் ஒரு நேரச் சாப்பாட்டோடு நின்று, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். பாஸ்குப் பூசை முடிந்ததும் நேரே தம் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும் என்று மாமாங்கம் முன்பே சொல்லியிருந்தார். மனோரஞ்சிதம் விடியவே ஆட்டிறைச்சியை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

இறைச்சி அரைவேக்காட்டில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. அகஸ்ரின் பேசினார்; கொழும்பில் அப்போது இரவாகியிருந்தது. யோசப்பின் மகன் றொபேட் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போன இடத்தில் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்துவிட்டான். பத்தொன்பது வயது.

"பிரேதம் நேற்றுத்தான் கரைக்கு வந்தது," என்றார் அகஸ்ரின். குரல் வந்தும் போயும் கொண்டிருந்தது. "இண்டைக்குப் பின்னேரம் அடக்கம் செய்தாச்சு. பாஸ்கு எண்டபடியால் செத்த பூசை வைக்கேலாது எண்டு, சாமியார் மந்திரிச்சு மட்டும் விட்டவர். அண்ணை, மச்சானுக்கு நீங்கள்தான் சொல்ல வேணும். எனக்கு ஏலாது."

மாமாங்கம் தொலைபேசியைக் கீழே வைத்தார். மனோரஞ்சிதம் அவர் முகத்தைப் பார்த்தே பாதியை விளங்கிக்கொண்டாள். மீதியை அவர் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள். அவர் போய் அதை மறுபடியும் மூட்டினார்.

"என்ன செய்யிறீங்க?"

"அவன் வந்து சாப்பிடட்டும். மறுகா சொல்லுவம்."

"இஞ்சேருங்க, வந்த உடன சொல்லிப்போடுங்க. மறைச்சு வைச்சுச் சோறு போடுறது பாவம்."

"மறைக்கிறனெண்டு ஆர் சொன்னது? நாப்பது நாள் காய்ஞ்சு போய் வாறான். வெறும் வயித்தில உந்தச் செய்தியைக் கேட்டானெண்டா மறுகா எப்ப தின்னுவான்? அடக்கமும் முடிஞ்சு போச்சு. அவன் இப்ப அறிஞ்சு ஓடிப்போய்ச் செய்யிறதுக்கு அங்க ஒண்டுமில்லை."

அவர் பிடிவாதத்தால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய ஊரில் சாவுச் செய்தி கொண்டுபோகிறவன் முதலில், சாப்பிட்டாயா என்று கேட்பான். இல்லையென்றால் ஏதாவது பேசிக்கொண்டிருந்து, அந்த மனிதன் கைகழுவும்வரை காத்திருப்பான். செய்தி சொல்லப்பட்ட வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே அந்தக் கடைசிச் சோறு சொல்ல வந்தவனின் பொறுப்பு. தகப்பன் இறந்த செய்தியை மாமாங்கம் பசியோடு வயலில் நின்று கேட்டவர். இரண்டாம் நாள் சுடலைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்து, பாடைக்குப் பின்னால் அவரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கொள்ளி வைக்க எழுந்து நிற்க முடியாதுபோன அந்த வெட்கம் அவரைவிட்டுப் போகவேயில்லை. யோசப்புக்கு அப்படி நேரக்கூடாது. அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

யோசப் கதவைத் தட்டவில்லை, குத்தினார்.

"அண்ணை! ஆறுக்கு அஞ்சு கோல்! திறவுங்கோ. கிழக்குக்கு ஒப்பாரி வைக்க ஆள் வந்திருக்கு!"

வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கையில் ஒரு கேக் பெட்டியோடு நின்றார். முதல்நாள் ஆட்டத்தின் முடிவைக் காலையில் வானொலியில் கேட்டாராம். பூசையில் 'அல்லேலூயா' பாடும்போது தமக்கு மட்டும் இரண்டு காரணம் இருந்தது என்று சொல்லிச் சிரித்தார். மனோரஞ்சிதம் "வாங்க தம்பி" என்றாள். கேக் பெட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மேசையில் சோறு, இறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி. மாமாங்கம் தாமே அகப்பையை எடுத்துப் பரிமாறினார்.

"என்ன அண்ணை, தோத்த பக்கம் பரிமாற வேணும் எண்டு புதுச் சட்டமோ?"

"சாப்பிடு யோசப்பு."

"முதல்ல கேளுங்கோ. எங்கட மிச்சிகன் ஸ்ரேற், உங்கட ஹார்வர்ட். உங்கட பெடியள் முன்னுக்கு நிண்டவங்கள். எங்கட பெடியள் விட்டாங்களோ? துரத்திப் பிடிச்சுக் கடைசி நிமிசங்களில ஆறாவதை அடிச்சாங்கள். இதுக்கு என்ன சொல்லுறியள்?"

ஒன்றும் சொல்லாதிருந்தால் சந்தேகம் வரும் என்று மாமாங்கம் பயந்தார். "ஒரு கோலால வெண்டதெல்லாம் ஒரு வெற்றியோ?" என்று, வழக்கமான குரலை வரவழைத்துக் கேட்டார்.

அது பிழையாகப் போயிற்று. யோசப் வாய்க்குக் கொண்டுபோன பிடியைக் கோப்பையிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கோலுக்காக ஆறு மாதம் பயிற்சி எடுக்கிறார்கள் என்றார். கிழக்கில் படிப்பு முதல், ஆட்டம் பிறகு. மேற்கில் பெடியன் ஐஸிலேயே படுத்து எழும்புகிறான் என்றார். உப்புக் குவளையை மிச்சிகனாகவும் தண்ணீர்ப் போத்தலை ஹார்வர்டாகவும் வைத்து, ஆறாவது கோல் எப்படி விழுந்திருக்கும் என்று தாமே கற்பனை செய்து காட்டினார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் இதுவரை உண்டது நாலு பிடிகூட இராது.

"கதையை விட்டிட்டுத் தின்னடா."

"மறுமொழியைச் சொல்லுங்கோ, தின்னுறன். குறுக்க ஆடின ஆட்டத்திலதான் பலம் தெரியும் எண்டனீங்கள். நேற்று நடந்தது குறுக்க ஆடினதுதானே?"

மாமாங்கம் எந்த மறுமொழியைச் சொன்னாலும் அது இன்னொரு கால்மணி நேரத்தை இழுக்கும். சொல்லாவிட்டால் யோசப் விடமாட்டார். குசினியில் மனோரஞ்சிதம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெங்காயம் என்று யோசப் நினைத்திருக்க வேண்டும். எப்படியாவது இந்த மனிதர் அந்தக் கோப்பையை முடிக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான் மாமாங்கத்துக்குத் தெரிந்தது.

"சரி யோசப்பு," என்றார். "மேற்குத்தான் பலம். நான் ஒத்துக்கொள்ளுறன். நீ சாப்பிடு."

யோசப் கைதட்டிச் சிரித்தார். "அக்கா! நடுவர் அம்மா! கேட்டியளோ? இண்டைக்குக் கோப்பை கழுவுறது..."

யோசப் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனோரஞ்சிதம் அலமாரியின் பக்கமாகத் திரும்பி நின்றாள், தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. மறுபடியும் மாமாங்கத்தைப் பார்த்தார். இரண்டு பருவங்களாக எதிரே அமர்ந்து கையை ஓங்கிக்கொண்டிருந்த மனிதர், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஏன் அண்ணை விட்டுத் தந்தனீங்கள்?"

மாமாங்கம் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரெலிபோன் வந்ததோ, கொழும்பில இருந்து?"

"ஓம்."

"மக்டலீனோ?"

"இல்லை."

"சின்னவளோ?"

"இல்லை, யோசப்பு."

மூன்றாவது பெயரை யோசப் கேட்கவில்லை. கை சோற்றுக்குள்ளேயே இருந்தது. மாமாங்கம் எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அகஸ்ரின் சொன்னவற்றை ஒன்றும் விடாமல் சொன்னார். யோசப் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "எப்ப ரெலிபோன் வந்தது?" என்றார்.

"பத்து மணி இருக்கும். நீ பூசையில."

"நான் வர முதலே தெரியும்."

"வெறும் வயித்தில சொல்லக் கூடாதெண்டுதான்..."

யோசப் கோப்பையைப் பார்த்தார். "என்ர பிள்ளையை மண்ணுக்குள்ள வைச்சிட்டு வந்திருக்குதுகள். நீங்கள் எனக்கு இறைச்சி போட்டுத் தந்திருக்கிறியள். நான் உதில இருந்து சிரிச்சுக்கொண்டு திண்டிருக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒருவர் தம்முடைய கையில் பட்ட எதையோ பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார். பின்பு குளியலறைக்குள் போனார். உண்ட நாலு பிடியையும் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர், மனோரஞ்சிதத்திடம் மட்டும் தலையசைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். மாமாங்கம் பின்னாலேயே போனார். அறைக்கதவை அவருடைய முகத்துக்கு முன்னால் மெதுவாகச் சாத்தினார் யோசப்.

அடுத்த வாரம் யோசப் அரீனாவில் வேலைநேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமாங்கம் சம்போனியை நிறுத்தும்போது அவர் வந்து விளக்குமாற்றை எடுப்பார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "என்ன அண்ணை, சுகமோ?" "ஓம், நீ?" என்பதோடு முடியும். மேசையில் ஞாயிற்றுக்கிழமைகள் காலியாயின. மனோரஞ்சிதம் ஒரு நாளும், நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமாங்கம் மறுத்துப் பேசியிருப்பார். அதிலேனும் அவருக்கு ஆறுதல் இருந்திருக்கும். தாம் செய்தது பிழையா என்று அவர் பலமுறை தம்மையே கேட்டார். தம்முடைய ஊர் வழக்கப்படி பிழையில்லை. யோசப்பின் கோப்பைப் பக்கம் இருந்து பார்த்தால், பார்க்கவே முடியவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் கிண்ணம் மேற்கே போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டும் போயிற்று. அரீனாவின் பலகையில் அந்தச் செய்தி ஒட்டியிருக்கும். மாமாங்கம் படித்துவிட்டு வண்டியில் ஏறுவார்.

எண்பத்தெட்டின் முடிவில் மக்டலீனும் அன்ரனெற்றும் வந்து சேர்ந்தார்கள். யோசப் வேறொரு வேலை தேடிக்கொண்டு, வாடகை மலிவென்று அஜக்ஸ் நகருக்கு மாறிப் போனார். போகும்போது மனோரஞ்சிதத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனதாக மாமாங்கம் பிறகு அறிந்தார்.

அடுத்த சித்திரையில் ஒரு சனிக்கிழமை மாமாங்கம் அஜக்ஸுக்குப் புறப்பட்டார். மகனைப் பறிகொடுத்த தாயை முதன்முதலாகக் காணும்போது துக்கம் விசாரிக்க வேண்டும். ஆண்டுகள் எத்தனை சென்றாலும் அந்தக் கடமை கழியாது. துக்க வீட்டுக்குப் போகிறபடியால் கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. காலையில் சாப்பிடவும் மனம் வரவில்லை. அந்தப் பருவத்தில் கிண்ணம் கிழக்கே வந்திருந்தது. ரயிலில் இருந்தபோது அந்த நினைவு வந்தது. அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

கதவைத் திறந்தவர் யோசப். தலை முழுவதும் நரைத்திருந்தது. "வாங்கோ அண்ணை," என்றார். மக்டலீன் அவரைக் கண்டதும், யாரென்று சொல்லாமலே விளங்கிக்கொண்டு, முன்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமாங்கம் கதிரையின் நுனியில் இருந்தார். தேநீர் வந்தது, குடித்தார். யோசப் யன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் எனக்குச் சொன்னவர் அண்ணை," என்றார் மக்டலீன், சிறிது நேரத்துக்குப் பின்பு. "அண்டைக்கு உங்கட வீட்டில இருந்து சிரிச்சவராம். அதுக்குப் பிறகு நான் இவரைச் சிரிக்கக் காணேல்லை."

நன்றியா, குற்றமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. யோசப் யன்னலைவிட்டுத் திரும்பவில்லை. மாமாங்கம் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் தங்கச்சி," என்றார்.

அவர் எழுந்தபோது மக்டலீனும் எழுந்தார். "இருங்கோ அண்ணை, சோறு..." என்று தொடங்கியவர், கணவனின் முதுகைப் பார்த்தார், வார்த்தை பாதியில் நின்றது. அந்த வீட்டில் யோசப் எதிரே இருக்க, மாமாங்கத்தின் முன் ஒரு கோப்பை வைக்கப்படுவதை மூன்று பேருமே ஒரு கணம் மனத்தில் பார்த்தார்கள்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் மாமாங்கம். "நான் சாப்பிட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான்."

துக்க வீட்டில் 'போய் வருகிறேன்' என்று சொல்லக்கூடாது. அவர் சொல்லாமலே படியிறங்கினார். யோசப் வாசல்வரை வந்து நின்றார். மாமாங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தெருமுனை திரும்பும்வரை, பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.